நாலு கலசக் கோபுரம்

பாண்டிச்சேரியில் இறங்கியபோது என்னிடம் ஒரு பெட்டி, ஒரு கேமரா, தோட்டத்து மானேஜரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர், முடிச்சுகள் போட்ட ஒரு நூல், இவ்வளவுதான் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு நாலு கலசம் உள்ள ஒரு கோபுரத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. எத்தனை மரம் சீவினார்கள், எத்தனை வாளி பால் வந்தது என்று எண்ணி எழுதியே வயிறு வளர்ப்பவன். ஒழுங்காக எண்ணத் தெரிந்தவனை அனுப்புவோம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்திருந்தது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மூன்று நிலைக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. நான்கு குடும்பங்கள் முன்னின்று நடத்திய காரியம். யாரும் யாருக்கும் குறைந்துபோகக் கூடாது என்று ஆளுக்கொரு கலசமாகப் பேசி, நாலு செப்புக் கலசங்களைக் கப்பலில் வரவழைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த ஸ்தபதி அவற்றைப் பார்த்ததும் சாரத்திலிருந்து இறங்கி வந்து ஒரு கும்பிடு போட்டார். கோபுரத்துக்குக் கலசம் ஒற்றைப்படையில்தான் வரும், மூன்று என்றால் மூன்று வைக்கிறேன், ஐந்து என்றால் ஐந்து வைக்கிறேன், நாலுதான் வேண்டுமென்றால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

மூன்று வைத்தால் எந்தக் குடும்பத்தை இறக்குவது? ஐந்து வைத்தால் ஐந்தாவது யாருடையது? ஒரு குடும்பம் இரண்டு வைத்தால் மற்ற மூன்றும் எழுந்து போய்விடும். இப்படித்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே கோயில் இரண்டாகி, இன்றைக்கும் ஒரே நாளில் இரண்டு தீமிதி நடக்கிறது. நான்கு குடும்பங்களில் ஒன்று என் பெரியப்பா வீடு. இன்னொன்று என் மாமனார் வீடு. கோயில் உடைந்தால் அடுத்து உடைவது என் வீடுதான் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கமிட்டித் தலைவரும் என் மாமனார்தான். அவர் கூட்டத்தில் எழுந்து, "நாலு கலசம் வெச்ச கோபுரத்த நான் பாண்டிச்சேரியில என் கண்ணால பார்த்திருக்கேன்" என்றார். யுத்தம் முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய காலத்தில், இங்கே வருவதற்கு முன்னால், சரக்கு எடுக்க அந்த ஊருக்குப் போனாராம்.

"எந்தக் கோயில் மாமா?"

"பேரு ஞாபகம் இல்ல. ஆனா நல்லா எண்ணிப் பார்த்தேன். நாலுதான். போயி படம் புடிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை, ஸ்தபதி பேசுறாரான்னு பார்ப்போம்."

கிளம்பும் நாளில் ஸ்தபதி என் கையில் அந்த நூலைக் கொடுத்தார். ஒரு கலசத்தின் உயரத்தையும் சுற்றளவையும் அதில் முடிச்சுப் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கிய வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிட்டது. காலையில் "போன்ஜூர்" என்று சொல்லி, முழங்கை நீள ரொட்டியையும் நேற்றைய மீன் குழம்பையும் முன்னால் வைத்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் பரோட்டா போல அடித்து வீசிச் சுடுவது. இது கடித்தால் சட்டையெல்லாம் பொருக்கு உதிரும் ரொட்டி. ஆனால் பழைய மீன் குழம்பில் ஊறவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. மூன்று துண்டு சாப்பிட்டேன். காபி மட்டும் கஷாயம். அதைக் குடித்தபோது எங்கள் ஊரில் நுரை பொங்க இழுத்து ஆற்றித் தரும் தே தாரேக் டீயை நினைத்து உண்மையிலேயே ஏங்கினேன்.

நான் ஊர் சுற்ற வேண்டும் என்றதும் சொல்தா வாசலில் நின்று, "புஸ்புஸ்" என்று குரல் கொடுத்தார். வந்தது சைக்கிள் ரிக்‌ஷா. ஓட்டுகிறவர் பெயர் சவரிமுத்து. வயது நாற்பத்தைந்து இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஆட்குறைப்பில் வெளியே வந்து ரிக்‌ஷா மிதிக்கிறார்.

"எங்க சார் போவணும்?"

"கோபுரம் இருக்கிற கோயில் எல்லாத்துக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.

எங்கள் ஊரில் கோயில் என்றால் தகரக் கூரைக்குப் பழகிய கண் எனக்கு. முதல் கோபுரத்தின் முன்னால் ரிக்‌ஷா நின்றபோது இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். கீழே ஆள் உயரத்துக்கு மேல் வரை கருங்கல். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிலை நிலையாக ஏறி, ஏற ஏற ஒடுங்கி, ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் ஒரு வாசல், வாசலுக்கு இரண்டு பக்கமும் காவலாளிகள். ஒருவர் விரலை ஆட்டி நம்மை எச்சரிக்கிறார், மற்றவர் உள்ளே இருப்பவரைப் பார்த்து வியந்து கையை விரிக்கிறார். இடுக்கு விடாமல் சுதைச் சிற்பங்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், வில்வண்டிக்குக் கூண்டு கட்டினாற்போல் நீண்ட வளைந்த கூரை. அதன் இரண்டு முனையிலும் கண்ணை உருட்டும் யாளி முகம். கூரையின் முதுகில் வரிசையாகக் கலசங்கள். அவை ஐந்து.

உள்ளே போய் மூலவருக்கு மேலிருந்த விமானத்தையும் பார்த்தேன். அதன் தலை வட்டமாக இருந்ததால் அதற்கு ஒரே கலசம். அதுவும் ஒற்றைப்படைதான். கோபுரம் ஊருக்குத் தெரிவதற்காக, விமானம் சாமிக்காக என்று அங்கிருந்த குருக்கள் சொன்னார். நாலு கலசக் கோபுரம் இங்கே எங்கேயாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னிடம் திருநீற்றைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கினார்.

அன்று மாலைக்குள் ஏழு கோயில் எண்ணினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று, ஐந்து, ஐந்து, மூன்று என்றுதான் வந்துகொண்டிருந்தது. கடற்கரையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன நேர்க்கோட்டுத் தெருக்களையும் பெரிய ஜன்னல் வீடுகளையும் எல்லாரும் வந்து படம் எடுக்கிறார்கள். நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஃபிலிம் முழுவதும் நாலு கலசத்துக்காகக் காத்திருந்தது.

மறுநாள் வில்லியனூர். பெரிய கோயில், பெரிய கோபுரம். அங்கே போனால் கட்டாயம் கிடைக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். மூலக்குளம் தாண்டியதும் ரிக்‌ஷாவின் செயின் அறுந்தது. சவரிமுத்து வண்டியை ஒரு பட்டறையில் போட்டுவிட்டு, நான் மட்டும் பஸ்ஸில் போகிறேன் என்றதையும் கேட்காமல் என்னுடன் ஏறினார். பஸ்ஸில் என் மடியில் ஒரு கீரைக்கட்டும் ஒரு சேவலும் பயணம் செய்தன. வில்லியனூர் கோபுரத்தை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஒற்றைப்படையே வந்தது. பிரகாரத்தைச் சுற்றி, தேர் நிற்கும் இடத்தைப் பார்த்து, குளத்துப் படியில் உட்கார்ந்து மசால் வடை தின்றோம். கோயில் மனசை நிறைத்தது. காரியம்தான் ஆகவில்லை.

மூன்றாம் நாள் அவமானம் வந்து சேர்ந்தது. ஒரு அம்மன் கோயில் எதிரே நின்று பைனாகுலரைத் தூக்கி உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டை அசைத்து எண்ணுவது என் பழக்கம். கண்ணாடியை இறக்கியபோது என்னைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்.

"இன்னா சார் மேல பாக்கறீங்க?"

"கலசம்."

"கலசத்த எதுக்கு எண்றீங்க?"

கூட்டத்தில் ஒருவர், "நேத்தும் இவரு அந்தப் பக்கம் எண்ணிக்கினு இருந்தாரு, நான் பாத்தேன்" என்றார். வெளியூர்க்காரன் ஒருவன் கோயில் கோயிலாகப் போய்க் கோபுரத்துச் செம்பை எண்ணினால் யார்தான் சும்மா விடுவார்கள்? பாஸ்போர்ட்டை நீட்டினேன். பிறகு வேறு வழியில்லாமல், நாலு குடும்பம், ஸ்தபதி, மாமனார், பெரியப்பா, பக்கத்துத் தோட்டத்து இரண்டு தீமிதி எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று சொன்னேன். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, "மாமனாரா சார்? அப்ப கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்.

சவரிமுத்து ஹேண்டில்பாரில் சாய்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத மொதல் நாளே சொல்லியிருந்தா ரெண்டு நாளு மிதிச்சிருக்க வேணாமே சார்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கோபுரம் பாக்கணும்னு சொன்னீங்க. வெள்ளக்காரங்க வருவாங்க, இப்பிடித்தான் அண்ணாந்து பாத்துட்டு எழுதிக்கினு போவாங்க. நீங்களும் அந்த மாதிரின்னு நெனச்சிட்டேன். நாலு கலசம்னு இப்ப எங்கியும் இல்ல சார். ஆனா இருந்துது. ஏறுங்க."

நான் மூன்று நாளாகப் பார்க்காத திசையில் வண்டி போனது. ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டிய தெரு. அங்கே சின்னதாக ஒரு அம்மன் கோயில், மூன்று நிலைக் கோபுரம். எங்கள் தோட்டத்துக் கோபுரத்தின் அளவேதான் இருக்கும். மேலே கலசம் ஐந்து. கோபப்படுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சவரிமுத்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், "அக்கா, இவரு மலேயாவுலருந்து வந்துருக்காரு. நடுக்கலசம் கதைய சொல்லு" என்றார்.

டீக்கடைக்காரி பெயர் கோவிந்தம்மா. ஐம்பது வயது இருக்கும். ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்காக வடை போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நான் பாவாட கட்டின வயசுல ஒரு பொயல் அடிச்சுது சார். காத்துல நடுக்கலசம் புட்டுக்கினு விழுந்துடுச்சு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு நிக்குது. நடுவுல கலசம் கோத்திருந்த வெறும் கழிதான். புதுசு நான் வெக்கிறேன்னு ஒரு வூட்டுக்காரங்க வந்தாங்க. அதெப்பிடி நீ வெப்ப, நாந்தான் வெப்பேன்னு இன்னொரு வூட்டுக்காரங்க வந்தாங்க. ரெண்டு பேரும் உட்டுக்குடுக்கல. வருசக்கணக்கா நாலோடவே நின்னுது."

மாமனார் பொய் சொல்லவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் அவர் இந்தத் தெருவில் நடந்திருக்கிறார். அண்ணாந்து பார்த்திருக்கிறார். சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

"அப்புறம் யாரு வெச்சாங்க?" என்றேன்.

"மில்லுக்காரங்க. கோபுரத்துக்கு வர்ணம் அடிச்சி கும்பாபிஷேகம் வந்துது. அப்பவும் ரெண்டு வூடும் மொறச்சிக்கினு நிக்கிறாங்க. சங்கு ஊதி ஷிப்டு உட்டதும் ஆளுங்க எல்லாம் நேரா இங்க வந்தாங்க. தறிக்காரங்க, நூலு கட்றவங்க, கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க. துண்டுல, முந்தானையில ஆளுக்கு ஒரு பிடி வரகு முடிஞ்சி கொண்டாந்தாங்க. கலசத்துக்குள்ள வரகுதான சார் ரொப்பறது, வருசம் பன்னண்டு ஆனாலும் கெடாது. நடுக்கலசம் எங்க எல்லாருதும்னாங்க. அம்மா பேருக்கு நாங்கதான் உபயம்னாங்க."

"அந்த ரெண்டு வீடு?"

"என்னா பண்ணுவாங்க? அவங்களும் ஆளுக்கு ஒரு பிடி கொண்டாந்தாங்க. வரிசையில நின்னுதான் போட்டாங்க."

சவரிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, "கலசம் மேல ஏறச்சொல்ல கீழ கயிறு புடிச்சதுல நானும் ஒருத்தன். அப்பத்தான் மில்லுல சேந்திருந்தேன்" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கோயில் வாசலுக்குப் போனேன். கோபுரத்துக்குக் கீழே, வாசல் நிலைக்கு நடுவில் நின்றேன். எதிரே பலிபீடம், கொடிமரம், சிங்க வாகனம், அதற்கப்பால் அர்த்தமண்டபத்து வாசல், உள்ளே விளக்கொளியில் அம்மன் முகம். எல்லாம் ஒரே கோட்டில். வெளியே வந்து தெருவில் பின்னால் நடந்து மேலே பார்த்தேன். அதே கோட்டின் தலைக்கு நேராக நடுக்கலசம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நாலு வைத்தால் வாசலுக்கு நேர் மேலே ஒன்றும் இருக்காது. அம்மனுக்கு நேரான இடம் காலியாக நிற்கும். மூன்று நாளாக எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, எது எங்கே நிற்கிறது என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஃபிலிமில் பாதியை அங்கே தீர்த்தேன். கோவிந்தம்மாவையும் சவரிமுத்துவையும் கோபுரத்தோடு சேர்த்து எடுத்தேன். கோவிந்தம்மா ஜல்லிக்கரண்டியைக் கீழே வைக்க மறுத்துவிட்டார்.

நூல் எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. அதே அளவில் ஐந்தாவது கலசத்தை இங்கேயே செய்துகொண்டு போக வேண்டியதுதான். சவரிமுத்து என்னைச் செம்புப் பாத்திரம் தட்டும் ஒரு கன்னாரிடம் கூட்டிப்போனார். அவர் நூலை விரித்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, இது நல்ல கை போட்ட முடிச்சு என்றார். மூன்று நாள் அவர் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். கலசம் என்பது ஒரே செம்பு இல்லை. தாமரை, குடம், கழுத்து, மேலே மொக்கு என்று தனித்தனியாகத் தட்டி, ஒரு கழியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கிறார்கள். கடைசி நாள் கோத்து நிறுத்தி நூலைப் பிடித்தபோது மயிரிழை பிசகவில்லை. பிரித்ததும் என் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. வேட்டி சட்டையை எல்லாம் சொல்தா வீட்டில் விட்டுவிட்டேன். அவர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, போர்க்களத்துக்குக்கூட இவ்வளவு கனம் சுமந்ததில்லை என்றார்.

பஸ் ஸ்டாண்டில் சவரிமுத்து ஒரு கைக்குட்டை முடிச்சை நீட்டினார். உள்ளே வரகு.

"இதையும் அதுல போட்டுடுங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவன், பரவால்லியா?"

"கயிறு பிடிச்சப்ப உங்க மாதா கோவிச்சாங்களா?"

"இல்ல."

"எங்க அம்மாவும் கோவிக்க மாட்டா."

பினாங்கில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து செம்பு மொக்கைத் தூக்கிப் பார்த்தார். தமிழர். கோபுரத்துக்கா என்று மட்டும் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இருந்த இடத்தில் மரியாதையாக வைத்தார்.

கமிட்டிக் கூட்டத்தில் படங்களை மேசைமேல் பரப்பினேன். "தலைவர் பார்த்தது நூத்துக்கு நூறு உண்மை" என்று ஆரம்பித்தேன். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு புயலையும் வெறும் கழியையும் இரண்டு வீட்டுச் சண்டையையும் மில்லுக்காரர்களையும் சொன்னேன். ஐந்தாவது கலசத்தை மேசைமேல் கோத்து நிறுத்தினேன். ஸ்தபதி சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். என் பெரியப்பா, "இது யார் பேர்ல?" என்று கேட்டார். யார் பேரிலும் இல்லை என்றேன். யாரும் எழுந்து போகவில்லை. மாமனார் ஒரு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஆமா. நடுவுல எடம் விட்டிருந்துச்சு" என்றார். "நான் இருந்ததத்தான் எண்ணினேன்."

கும்பாபிஷேகத்தன்று விடியும் முன்பே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து வரிசை வந்துவிட்டது. பால்மரம் சீவுகிறவர்கள், களை எடுக்கும் பெண்கள், லாரி டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார், ஆளுக்கு ஒரு பிடி வரகு. முதல் பிடி சவரிமுத்துவுடையது. அதை நான் போட்டேன். நாலு குடும்பத்துப் பெரியவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். என் மாமனார் எனக்குத் தெரிந்து எந்த வரிசையிலும் நின்றதில்லை. அன்று ஒரு மணி நேரம் நின்றார்.

கோபுரத்து உச்சியில் நின்ற குருக்கள் புனித நீர் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கலசத்துக்கும் உபயக்காரர் பேரை மைக்கில் கேட்டார். நாலு குடும்பத்துப் பேரும் முறையாகச் சொல்லப்பட்டன. பிறகு நடுக்கலசத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கீழே குனிந்து, "இது யார் உபயம்?" என்றார். பதில் சொல்வதற்கான மைக் கீழே என் கையில் இருந்தது. எழுதி வைத்திருந்த பதிலை நான் படிக்க வேண்டியிருக்கவில்லை. மைதானம் முழுக்க "நாங்க" என்றது. அத்தனை குரலிலும் என் பக்கத்தில் நின்ற மாமனாரின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.